கீழே நிற்க வேண்டியவன்

இது கட்டுக்கதை அல்ல. எனக்கு நடந்தது. 1953-ஆம் வருஷம், ஐப்பசி மாதம், நாகர்கோவிலில் ஒரு கல்லூரியின் மாடியில் நடந்தது. கல்லூரியின் பெயரை எழுதப் போவதில்லை. அங்கே இன்னும் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

நான் தினமும் டைரி எழுதுகிறவன். கண்ணால் பார்த்ததை அப்படியே எழுதுவேன். காதில் மட்டும் விழுந்ததற்குக் கீழே ஒரு கோடு போடுவேன். எனக்கே சந்தேகமாக இருப்பதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. என் டைரியில் கேள்விக்குறிகள் நிறைய உண்டு. சைக்கிளைப் பூட்டினேனா என்பதற்குக்கூடப் போட்டிருக்கிறேன். அந்தப் புதன்கிழமைக்கு மட்டும் ஒன்றுகூடப் போடவில்லை. போட நினைத்தேன். கை வரவில்லை.

என் பெயர் கைலாசநாதன். ஊர் தாழக்குடி. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பகலில் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் நகலெடுக்கும் வேலை. மாலையில் இண்டர்மீடியட் வகுப்பு. அலுவலகத்திலிருந்து நேராக சைக்கிளில் வகுப்புக்குப் போய்விடுவேன்.

முந்தைய வருஷம் அந்தக் கல்லூரியின் ரசாயனச் சாலையில், அதாவது சோதனைக்கூடத்தில், தீப்பிடித்து ஒரு மாணவன் இறந்து போயிருந்தான். நான் சேர்ந்தது அதற்குப் பிறகு. விவரத்தை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அதன் பிறகு பிரின்சிபால் ஒரு ஒழுங்கு கொண்டுவந்திருந்தார். வகுப்பு முடிந்ததும் இரண்டு மாணவர்கள் கட்டிடம் முழுவதையும் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். வாரத்துக்கு ஒரு ஜோடி.

ஒருவன் அரிக்கன் விளக்கோடு மாடிக்குப் போவான். ஒவ்வொரு அறை வாசலிலும் நின்று "ஆளுண்டா?" என்று உரக்கக் கேட்பான். பதில் வராவிட்டால் கதவைச் சாத்திவிட்டு அடுத்த அறைக்கு நகர்வான். மற்றவன் மாடிப்படிக்குக் கீழே நிற்பான். மேலே ஒவ்வொரு முறை கேட்கும்போதும் அவன் "சரி" என்று குரல் கொடுக்க வேண்டும். மேலே சத்தம் நின்று போனாலோ, "ஆளுண்டு" என்று கூப்பாடு வந்தாலோ, பக்கத்தில் தொங்கும் பெரிய மணியை விடாமல் அடிக்க வேண்டும். காவல்காரர் மண் வாளியோடு ஓடி வருவார்.

மாடிக்கு ஒரே படிதான். அதனால் கீழே நிற்பவன் எக்காரணம் கொண்டும் நகரக் கூடாது. பிரின்சிபால் இதை இரண்டு முறை சொன்னார்.

என்னோடு ஜோடி சேர யாரும் விரும்பவில்லை. பூட்டிய கதவை நான்கு முறை இழுத்துப் பார்க்கிறவனோடு சேர்ந்தால் வீட்டுக்குப் போகப் பாதி ராத்திரி ஆகிவிடும் என்று சிரித்தார்கள். வைகுண்டராஜன்தான் கையைத் தூக்கினான். "கைலாசம் என்கூட நிக்கட்டும் சார்" என்றான்.

வைகுண்டராஜன் என்னைவிட ஒரு வருஷம் முன்னால் சேர்ந்தவன். திருவட்டாறு பக்கத்துக்காரன். வடசேரியில் மாமா வீட்டில் தங்கி, பகலில் அவருடைய வாழைக்குலைக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் தவறவிட்ட பாடங்களைத் தானாகவே எழுதித் தந்தவன். அந்தக் கல்லூரியில் எனக்கு நண்பன் என்று சொல்ல இருந்தது அவன் ஒருவன்தான். அவன் கையைத் தூக்கியதை அன்றைய டைரியில் எழுதி வைத்தேன். அவ்வளவு சந்தோஷம்.

"எனக்க முட்டு கொஞ்சம் நோவு மக்கா. நீ மேல போ. நான் கீழ நிக்கேன்" என்றான்.

சரி என்றேன்.

திங்கட்கிழமை. மாடியில் ஐந்து அறைகள். வடக்குக் கோடியில் கடைசி அறைதான் ரசாயனச் சாலை. புதுக் கதவு, புது வர்ணம். வாசலில் சிவப்பு வாளிகள் இரண்டு. ஒன்றில் மண், ஒன்றில் தண்ணீர். வாளிகளைப் பார்ப்பதும் எங்கள் வேலை.

முதல் அறையில் நான் கேட்டது எனக்கே சரியாகக் காதில் விழவில்லை. கீழே சிரிப்புச் சத்தம்.

"லேய் கைலாசம், பூனையக் கூப்பிடுகியா? பெண்ணு பாக்கப் போன எடமா இது? சத்தமாக் கேளு டே!"

உரக்கக் கேட்டேன். "சரி" என்றான். ஐந்து அறையும் முடிந்தது. ஒன்றே ஒன்றுதான் குறை. தண்ணீர் வாளி காலியாக இருந்தது.

இறங்கி வந்து காவல்காரர் இஞ்ஞாசியிடம் சொன்னேன். அவர் எங்கள் பக்கத்து ஆள் அல்ல, உவரிக்காரர். கல்லூரிக்கு வேலைக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

"சாயங்காலம் நான்தான நெறச்சு வச்சேன் தம்பி" என்றார்.

"காலியா இருக்கே."

"நாளைக்கு உங்க முன்னாலயே ஊத்துதேன்."

செவ்வாய்க்கிழமை, வகுப்பு தொடங்கும் முன் என் கண்முன்னாலேயே விளிம்பு வரை ஊற்றினார். இரவு எட்டரைக்குப் போய்ப் பார்த்தேன். காலி. வாளியைத் தூக்கி அடியைப் பார்த்தேன். ஓட்டை இல்லை. தரையில் ஈரம் இல்லை. வாளிக்குள்ளே விரலை விட்டுத் தடவினேன்.

காய்ந்திருந்தது. வெயிலில் நாள் முழுக்கக் கிடந்த வாளி மாதிரி.

கீழே வந்து வைகுண்டராஜனிடம் சொன்னேன். அவன் முகத்தை அரிக்கன் விளக்கின் வெளிச்சத்தில் பார்த்தேன். சிரிக்கவில்லை.

"வேற ஒண்ணும் இல்லியே?" என்றான்.

"வேற என்ன?"

"சத்தம் கித்தம்..."

"இல்ல."

"அப்ப விடு" என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் நடந்தான். முட்டு வலிக்காரன் மாதிரி நடக்கவில்லை. அதை அப்போது நான் பெரிதாக நினைக்கவில்லை.

புதன்கிழமை மத்தியானத்திலிருந்து மழை. வகுப்புக்கு வந்தவர்கள் பத்துப் பேர்கூட இல்லை. எட்டு மணிக்குக் கரண்ட் போய்விட்டது. ஆசிரியர் புத்தகத்தை மூடினார். எல்லோரும் குடையும் ஓலைத்தொப்பியுமாக ஓடினார்கள். நாங்கள் இருவர் மட்டும் படியடியில் நின்றோம்.

"இன்னைக்கு வேண்டாம்னு விட்டுருவோமா?" என்று கேட்டேன்.

"ரூல் ரூலாக்கும் மக்கா. பைய ஏறு, படி வழுக்கும். நான் இஞ்சதான் நிக்கேன்."

என் தோளில் ஒரு தட்டுத் தட்டினான். கை சில்லென்று இருந்தது.

ஏறினேன். மணி எட்டு பத்து.

முதல் அறை. "ஆளுண்டா?"

"சரி." கீழேயிருந்து, மழைக்கு நடுவே.

கதவைச் சாத்தினேன். இரண்டாவது அறை. "ஆளுண்டா?"

"சரி."

மூன்றாவது அறை. கேட்டேன். பதில் வரவில்லை. மலைக் கணவாய் வழியாக வரும் காற்று ஊளையிட்டது. இன்னொரு முறை கேட்டேன்.

"சரி."

இந்த முறை குரல் பக்கத்தில் கேட்டது. படியேறி மாடிக்கே வந்துவிட்டானோ என்று திரும்பிப் பார்த்தேன். தாழ்வாரத்தில் யாரும் இல்லை. மழைச் சத்தத்தில் குரல் எங்கிருந்து வருகிறது என்று எப்படித் தெரியும்? எனக்கு எப்போதும் இப்படித்தான். இல்லாததை எல்லாம் சந்தேகப்படுவேன். நடந்தேன்.

நான்காவது அறை. "ஆளுண்டா?"

"சரி."

வைகுண்டராஜனின் குரல்தான். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் படி எனக்குப் பின்னால் இருந்தது. குரல் எனக்கு முன்னாலிருந்து வந்தது.

நான் நின்றுவிட்டேன்.

முன்னால் இருந்தது ஒரே ஒரு அறை.

திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது. ஒரு அறையைக் கேட்காமல் விட்டு, அதற்குள்ளே யாராவது இருந்துவிட்டால்? அதற்காகத்தானே இவ்வளவும்? விளக்கை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கடைசி வாசலுக்குப் போனேன். தண்ணீர் வாளி காலியாக இருந்தது.

"ஆளுண்டா?"

மழை...

காற்று...

"உண்டு."

உள்ளேயிருந்து. மெதுவாக. இளம் வயதுக் குரல். இது வைகுண்டராஜன் குரல் அல்ல.

யாரோ மாட்டிக்கொண்டிருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். சத்தியமாகப் பேய் என்று நினைக்கவில்லை. படிப்பக்கம் திரும்பி, தொண்டை கிழியக் கத்தினேன்.

"வைகுண்டம்! ஆளுண்டு! மணி அடி!"

"சரி."

அந்தச் "சரி" ரசாயனச் சாலைக்குள்ளிருந்து வந்தது.

மணி அடிக்கவில்லை.

கதவைத் தள்ளினேன். திறந்தது. விளக்கை நீட்டினேன். நீள மேஜைகள். கண்ணாடிக் குழாய்கள். யாரும் இல்லை. இரண்டடி உள்ளே வைத்தேன். நனைந்த சாம்பல் வாடை அடித்தது. ஒரு வருஷத்துக்கு முன்னால் வெள்ளையடித்த அறையில்...

"யாரு? எங்க இருக்கே?"

மேஜைக்குக் கீழேயிருந்து வந்தது.

"வெள்ளம்..."

குனிந்தேன். மேஜைக்குக் கீழே ஒன்றுமில்லை.

"வெள்ளம்... வெள்ளம்..."

இப்போது என் முட்டுக்குப் பக்கத்தில்.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

டக்.

இரும்புக் கொண்டி விழுந்த சத்தம். வெளியே.

பாய்ந்து இழுத்தேன். அசையவில்லை. விளக்குத் திரி தானாகத் தாழ்ந்தது. புகை கட்டியது போல மூச்சு அடைத்தது. புகையே இல்லை. கதவை உதைத்தேன். "ஆளுண்டு! ஆளுண்டு!" என்று கத்தினேன். "வைகுண்டம்! கதவத் திற!"

"சரி."

என் காதுக்குள்ளே.

"வைகுண்டம்!"

"சரி."

"மணிய அடி!"

"சரி... சரி... கொண்டு வாறேன்..."

அவன் குரல்.

போய்க்கொண்டே சொல்கிற குரல்.

விளக்கு அணைந்தது.

அதற்குப் பிறகு கத்தினேன் என்று மட்டும் நினைவு இருக்கிறது.

கொண்டி தூக்கும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. இஞ்ஞாசி நின்றிருந்தார். கையில் ராந்தல், தலையில் சாக்கு. என்னைப் பிடித்துத் தாழ்வாரத்துக்கு இழுத்தார். உள்ளே ராந்தலை நீட்டிச் சுற்றிலும் பார்த்தார்.

"மத்தவரு எங்க தம்பி?"

"எந்த மத்தவரு?"

"ஆளுண்டு, ஆளுண்டுன்னு ரெண்டு பேருல்லா கத்துனீங்க? ரெண்டு குரலு கேட்டுத்தான ஓடி வந்தேன்?"

"வைகுண்டம்... கீழ நிக்கானா?" என்றேன்.

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"அவரா? நீங்க மேல ஏறின கையோட அவரு குடைய விரிச்சுட்டுப் போயிட்டாரே. கேட்ல நின்னு, மாடியில ஆளில்ல, பூட்டிரும் ஓய்னு சொல்லிட்டுத்தான் போனாரு. நானும் பூட்டிட்டேன்."

மாடியில் ஆளில்லை. என்னை மேலே அனுப்பிவிட்டு அப்படிச் சொல்லியிருக்கிறான்.

காவல் அறையில் உட்கார வைத்து, துண்டு தந்தார். உள்ளே கேட்டதைச் சொன்னேன். "வெள்ளம்" என்ற சொல்லைச் சொன்னதும் இஞ்ஞாசி எழுந்து நின்றுவிட்டார்.

"அந்தச் சொல்லச் சொல்லாதிய."

பிறகு அவரே சொன்னார். போன வருஷமும் இதே ஐப்பசி, இதே மழை. அவர் வேலைக்கு வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. பக்கத்துக் குளத்துக் கரை உடைந்துவிடும் என்று ஊரே பயந்து கிடந்தது. ராத்திரி மாடியிலிருந்து ஒரு பையன் "வெள்ளம், வெள்ளம்" என்று கத்தினான்.

"எங்க ஊர்ல வெள்ளம்னா வெள்ளம்தான் தம்பி. குளம் ஒடஞ்சிட்டு, மேல நிக்க பையனுக்குத் தெரியுது போலன்னு நெனச்சேன். கேட்டத் தெறந்து விட்டு, இருந்த பிள்ளையள எல்லாம் மேட்டுக்கு ஓடுங்கன்னு வெரட்டுனேன். நானும் ஓடுனேன். திரும்பிப் பாத்தா மாடியில தீ. குடிக்கிற தண்ணிய இங்க வெள்ளம்னு சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியாது. அந்தப் பிள்ள தண்ணி கேட்டிருக்கான். தீய அணைக்கத் தண்ணி கேட்டிருக்கான்."

பையன் பெயர் குமாரதாஸ். மார்த்தாண்டம் பக்கத்துக்காரன். வகுப்புக்குப் பிறகு கண்ணாடிக் குப்பிகளைக் கழுவி வைக்க இரண்டு பேரை விட்டிருந்தார்கள். ஸ்பிரிட் விளக்கு சாய்ந்திருக்கிறது. கதவு வெளியே கொண்டி போட்டிருந்தது. காற்றில் விழுந்திருக்கும் என்று விசாரணையில் முடிவு செய்தார்கள்.

"இன்னொரு ஆளு?" என்று கேட்டேன்.

"உங்க சிநேகிதருதான். அவரு முன்னாலயே கீழ எறங்கிட்டாராம். அவரும் என்னப் போலத்தான் நெனச்சாராம். குளம் ஒடஞ்சிட்டுன்னு நெனச்சு ஓடிட்டாராம். விசாரணையில அப்பிடித்தான் எழுதிக் குடுத்தாரு."

உவரிக்காரர் அப்படி நினைக்கலாம். மதுரைக்காரர் நினைக்கலாம். திருவட்டாற்றில் பிறந்தவன் எப்படி நினைப்பான்? அவன் பேசக் கற்றுக்கொண்டபோதே தாகத்துக்குக் கேட்ட சொல் அதுதானே.

வியாழக்கிழமை அலுவலகத்துக்குப் போகவில்லை. காலையில் நேராக வடசேரிச் சந்தைக்குப் போனேன். வைகுண்டராஜன் கடையில் குலைகளைத் தொங்க விட்டுக்கொண்டிருந்தான். நல்ல வெயில். கூட்டம். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த கயிற்றை விட்டான். பிறகு சிரிக்கப் பார்த்தான்.

"வந்தியா மக்கா? நேத்து எனக்கு முட்டு நோவு ஜாஸ்தியாப் போச்சு. உனக்கிட்ட சொல்லணும்னு..."

"குமாரதாஸ் என்ன கேட்டான்?"

பக்கத்துக் கடைக்காரர் எங்களைப் பார்த்தார். அவன் என் கையைப் பிடித்து, குலைகளுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான்.

"உனக்கும் கேட்டுதா? உள்ளருந்து எனக்க சத்தம் கேட்டுதா?"

"என்ன கேட்டான், அதச் சொல்லு."

"வெள்ளம் கேட்டான்" என்றான். "கதவுக்கு அங்கன நின்னு வெள்ளம் கேட்டான். சரி, கொண்டு வாறேன்னேன். சரி சரின்னு சொல்லிக்கிட்டே எறங்கினேன். கீழ வந்தப்ப எல்லாரும் குளம் ஒடஞ்சிட்டுன்னு ஓடுகானுவ. நானும் ஓடிட்டேன். அவ்வளவுதான் மக்கா. ஆனா கொண்டிய நான் போடல்ல. சத்தியமாட்டு நான் போடல்ல."

கொண்டியைப் பற்றி நான் எதுவுமே கேட்டிருக்கவில்லை.

"வெளாட்டுக்குப் போட்டியா?" என்றேன்.

கீழே கிடந்த வாழைச் சருகைக் காலால் ஒதுக்கினான்.

"ஒரு வருசமாட்டு எனக்கு மட்டும் கேக்கு. மேல போறவன் ஆளுண்டான்னு கேட்டா, கடைசி ரூம்லருந்து எனக்க சத்தம் சரிங்குது. எனக்குப் பைத்தியமான்னு தெரியணும். அதுக்கு, நான் கீழ இல்லாதப்ப வேற ஒருத்தன் கேக்கணும். அதான் ஆளில்லன்னு சொல்லிட்டுப் போனேன்."

"அதுக்கு என்னை எதுக்குடே எடுத்தே? எனக்கு நீ ஒருத்தன்தானே..."

அவன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"நீ எதையும் ரெண்டு மட்டம் சந்தேகப்படுவே. நீ என்ன கேட்டாலும் வெளிய சொல்ல மாட்டே. சொன்னாலும் நீயே நம்ப மாட்டியே மக்கா."

சந்தையில் யாரோ குலையை ஏலம் கேட்டார்கள். அவன் "இதோ வாறேன்" என்று அந்தப் பக்கம் போனான். நான் வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவனோடு பேசவில்லை. அவனும் கல்லூரிக்கு வரவில்லை.

வெள்ளிக்கிழமை பிரின்சிபாலைப் பார்த்தேன். பேயைப் பற்றிச் சொல்லவில்லை. இரண்டு பேரும் சேர்ந்துதான் மாடிக்குப் போக வேண்டும் என்று ஒழுங்கை மாற்றச் சொன்னேன். ஒப்புக்கொண்டார். ரசாயனச் சாலைக் கதவின் வெளிக்கொண்டியையும் எடுத்துவிடுங்கள், உள்ளே ஆள் இருக்கும்போது விழுந்துவிடுகிறது என்றேன்.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னப்பா சொல்கிறாய்? தீ விபத்துக்குப் பிறகு முதல் வேலையாக அதைத்தானே செய்தோம்? அந்தக் கதவுக்குக் கொண்டியே கிடையாது."

வெளிச்சம் இருக்கும்போதே மேலே போய்ப் பார்த்தேன். உண்மைதான். வழவழப்பான புதுப் பலகை. கொண்டி இல்லை. நிலையில் பழைய கொண்டி இருந்த துளைகளை மரத்தூள் வைத்து அடைத்து வர்ணம் பூசியிருந்தார்கள். விரலால் தடவிப் பார்த்தேன். திங்களும் செவ்வாயும் இந்தக் கதவைச் சாத்தியவன் நான்தான். அப்போது கொண்டி இருந்ததா, இல்லையா? என்னால் சொல்ல முடியவில்லை. காற்றில் கதவு இறுகியிருக்கலாம். பயத்தில் எனக்கு ஏதேதோ கேட்டிருக்கலாம். டைரியில் கேள்விக்குறி போட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

கீழே இறங்கி இஞ்ஞாசியிடம் கேட்டேன்.

"அன்னைக்கு நீங்க கதவத் தள்ளித் தொறந்தீங்களா, இல்ல..."

"நானும் காலையில போய்ப் பாத்தேன் தம்பி. கொண்டி இல்ல" என்றார். "ஆனா நான் தூக்கினேன்லா?"

வலது கையை விரித்துக் காட்டினார்.

பெருவிரலிலும் சுட்டுவிரலிலும், இரும்பைப் பிடித்துத் தூக்கும் இடத்தில், தீக்கொப்புளம் வெளுத்துப் பழுத்திருந்தது.